125 வாட் மெர்குரி பல்புக்கு 150 வாட் சோடியம் சோக் போடலாமா?

திருவல்லிக்கேணி ஸ்கிரீன்

எல்லாருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் சின்னதாக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். ஆண்டர்சன் தெருக் கடைகள் கொடுக்கும் கல்யாணப் பத்திரிகை கவர், துணிப்பை, இவைதான் வேலை. ஸ்கிரீன் எக்ஸ்போஸ் செய்ய, அதாவது எமல்ஷன் (ஒளி பட்டால் இறுகும் பூச்சு) தடவிய ஸ்கிரீனில் ஃபிலிம் வைத்து ஒளி காட்ட, அப்பா காலத்துப் பெட்டி ஒன்று இருக்கிறது. மேலே கண்ணாடி, அடியில் 125 வாட் மெர்குரி வேப்பர் பல்பு, பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு சோக். போன வாரம் சோக்கிலிருந்து வார்னிஷ் கருகிய வாடை வந்தது. அதன் பிறகு பல்பு எரியவில்லை.

மெர்குரி சோக் இப்போது வருவதில்லை என்று சொல்லி எலக்ட்ரிக்கல் கடையில் 150 வாட் சோடியம் சோக் கொடுத்துவிட்டார்கள். "வாட் கூடத்தானே இருக்கு, தாங்கும்" என்றார் கடைக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை, இன்னும் மாட்டவில்லை.

பரணில் தேடியதில் பழைய சோக் ஒன்றும் கிடைத்தது. இரும்புப் பெட்டி, நல்ல கனம். லேபிளில் பாதி அழிந்துவிட்டது, 'எம்.பி.எஃப்/யூ 125' என்பது மட்டும் தெரிகிறது. முனைகளில் 200, 220, 240 என்று பொறித்திருக்கிறது.

புது சோடியம் சோக்கைப் போடலாமா? இல்லை பழையதையே சோதித்துப் போடலாமா? ஆடி முடிந்து முகூர்த்த ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் வயர்மேன்

அண்ணே, முதலில் பல்பு போச்சா சோக் போச்சா என்று பாருங்க. சீரிஸ் போர்டில் (மெயினோடு டெஸ்ட் பல்பைத் தொடராக வைத்த பலகை) பழைய சோக்கை மாட்டினால் டெஸ்ட் பல்பு மங்கலாக எரியணும். எரியவே இல்லை என்றால் வைண்டிங் அறுந்திருக்கு. முழு வெளிச்சத்தோடு எரிந்தால் வைண்டிங் ஷார்ட்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

மாட்டாமல் வைத்திருப்பது நல்லது. அந்த 150 வாட் சோடியம் சோக் உங்கள் பல்புக்குப் பொருந்தாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் குழப்பம் சென்னைக் கடைகளில் தினமும் நடக்கிறது.

மெர்குரி பல்பு சூடாகி நிலைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் பாதரசம் முழுவதும் ஆவியாகிவிடும். அதன் பிறகு பல்பின் இரு முனைகளுக்கு நடுவே இருக்கும் வோல்டேஜ் அதிகம் மாறாது. 125 வாட் பல்பில் அது 125 வோல்ட் அளவு. ஆனால் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதைப் பல்பால் கட்டுப்படுத்த முடியாது. பல்புக்குள் எரியும் மின்வில்லின் (ஆர்க்) குணமே அப்படி: கரண்ட் கூடக் கூட அதன் தடை குறையும். நேராக 230 வோல்ட்டில் போட்டால் கரண்ட் ஏறிக்கொண்டே போய் ஃபியூஸோ பல்போ போய்விடும். அதைப் பிடித்து நிறுத்துவது சோக் ஒன்றுதான். பல்பில் ஓடும் கரண்ட்டை முடிவு செய்வதும் அந்தச் சோக்தான்.

ஆகவே சோக் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆம்பியர். நம் ஊர் 230 வோல்ட் மெர்குரி பல்புகளுக்கு உரிய கரண்ட் இது: 80 வாட்டுக்கு 0.8 ஆம்பியர், 125 வாட்டுக்கு 1.15, 250 வாட்டுக்கு 2.15, 400 வாட்டுக்கு 3.25. சோடியத்தில் பல்பின் வோல்டேஜ் குறைவு, 100 வோல்ட் பக்கம். அதே வாட் கிடைக்க அதற்குக் கூடுதல் கரண்ட் தேவை. 70 வாட்டுக்கு 1 ஆம்பியர், 150 வாட்டுக்கு 1.8, 250 வாட்டுக்கு 3, 400 வாட்டுக்கு 4.4க்கு மேல்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 250 வாட் மெர்குரிக்கு 250 வாட் சோடியம் சோக் போடுகிறவர்கள் உண்டு. வாட் ஒன்றாக இருந்தும் கரண்ட் எகிறும். "கூட இருந்தால் தாங்கும்" என்று கடைக்காரர் சொன்னது ஒயருக்கும் சுவிட்சுக்கும் சரி. சோக்குக்கு அது தலைகீழ். பெரிய சோக் என்றால் அது விடுகிற கரண்ட்டும் பெரிது.

திருவல்லிக்கேணி ஸ்கிரீன்

ரொம்ப நன்றி ஐயா. அப்படியானால் 1.8 ஆம்பியர் என் பல்பில் ஓடுமா? ஓடினால் என்ன ஆகும்? வெளிச்சம் கூடினால் எக்ஸ்போசிங் சீக்கிரம் முடியுமே என்று கூடவே ஒரு ஆசையும் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

முழுசாக 1.8 ஓடாது. லேபிளில் உள்ள 1.8 என்பது 100 வோல்ட் சோடியம் பல்போடு ஓடும்போது. உங்கள் பல்பு 125 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால் சோக்குக்கு மிஞ்சும் வோல்டேஜ் கொஞ்சம் குறையும். 1.5 ஆம்பியர் பக்கம் நிற்கும். ஆனாலும் 1.15க்கு மேல் அது முப்பது சதவீதம்.

முதல் சில நாள் நன்றாகவே எரியும், வெளிச்சமும் கூடும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் குழாய் தாங்க வேண்டிய சூட்டைத் தாண்டிவிடும். எலக்ட்ரோடுப் பொருள் ஆவியாகிக் குழாயின் முனைகள் கறுக்கும். கறுத்த இடம் இன்னும் சூட்டை வாங்கும். குவார்ட்ஸ் இளகி உப்ப ஆரம்பிக்கும். உள்ளே பாதரச ஆவி பல மடங்கு காற்றழுத்தத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கண்ணாடிக்கு மேல் குனிந்து ஃபிலிம் வைக்கிற உங்கள் முகத்துக்கு நேர் கீழே அந்தக் குழாய் இருக்கிறது.

எக்ஸ்போசிங் சீக்கிரம் முடிய வேண்டுமானால் பல்பைச் சற்று அருகில் கொண்டு வாருங்கள், நல்ல ரிஃப்ளெக்டர் போடுங்கள். கரண்ட்டைக் கூட்டாதீர்கள்.

மூலக்கடை வைண்டிங்

நான் சோக், ஃபேன், மோட்டார் வைண்டிங் செய்கிறவன். பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. பழைய சோக்கைப் பற்றி நான் சொல்கிறேன்.

தம்பி, எம்.பி.எஃப்/யூ என்பது பிரிட்டிஷ் காலத்துக் குறியீடு. எம் என்றால் மெர்குரி, பி என்றால் உள் குழாய் குவார்ட்ஸ், எஃப் என்றால் வெளிக் கண்ணாடிக்கு வெள்ளைப் பவுடர் பூச்சு, யூ என்றால் எந்தத் திசையிலும் எரிக்கலாம். ஆக அது 125 வாட் மெர்குரி சோக்கேதான். உங்க அப்பா தூக்கிப் போடாமல் வைத்தது நல்லதாப் போச்சு.

அந்த மூன்று முனை விஷயத்தில் மட்டும் கவனம் வேணும். பொது முனை ஒன்று இருக்கும், அது பல்புக்குப் போகும். 200, 220, 240 மூன்றில் ஒன்றுக்குத்தான் ஃபேஸ் கொடுக்கணும். நம்ம ஊரில் 230 என்று பேர், ராத்திரி பத்து மணிக்கு மேல் 240 கூட நிற்கும். 240 முனையில் கொடுங்க. 200 முனையில் கொடுத்தால் சுற்று குறைந்து கரண்ட் ஏறும். கடைக்காரர் கொடுத்த சோடியம் சோக் செய்கிற அதே வேலையை அது செய்துவிடும்.

இன்னொன்று. யாராவது "ரீவைண்டிங் பண்ணிக் கொடுக்கிறேன்" என்றால் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்க. சோக்கைப் பிரித்தால் இ வடிவத் தகடும் ஐ வடிவத் தகடும் சேர்கிற இடத்தில் ஒரு தாள் இருக்கும். பழுப்பு நிறம், விசிட்டிங் கார்டு மாதிரி கெட்டியாக இருக்கும். வார்னிஷ் ஊறித் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்கிற பையன் அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிடுவான். கம்பி கேஜ் சரி, சுற்று எண்ணிக்கை சரி, ஆனால் அந்தத் தாள் இல்லை என்றால் அது பழைய சோக் இல்லை. இரும்புக்கு நடுவே விட்ட அந்த இடைவெளிதான் கரண்ட்டை நிர்ணயிக்குது. தாள் போனால் கரண்ட் குறைந்து பல்பு மங்கும், சரியாகப் பிடிக்காது. அளவுக்கு மேல் தடிமனாக வைத்தால் கரண்ட் கூடிப் பல்பு காலி. நான் பிரித்ததும் முதல் வேலையாகத் தாளை மைக்ரோமீட்டரில் அளந்து சுவரில் எழுதி வைப்பேன்.

சோக் உறுமுது என்று கொண்டு வருவார்கள். பெரும்பாலும் தகடு தளர்ந்திருக்கும். வார்னிஷில் முக்கி அடுப்பில் வைத்து எடுத்தால் சத்தம் போய்விடும். உறுமல் மட்டும் இருந்து சூடு வழக்கம்போல இருந்தால் பயப்பட வேண்டாம். உறுமலோடு கை வைக்க முடியாத சூடும் வாடையும் வந்தால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஷார்ட். உங்க சோக் அப்படித்தான் போயிருக்கு.

பழைய விளக்கு சேகரிப்பு

நல்ல இழை. நான் பழைய தெருவிளக்கு பிட்டிங்குகள் சேகரிக்கிறேன். என்னிடம் ஒரு சிக்கல். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டு வந்த 175 வாட் மெர்குரி பல்பு ஒன்று இருக்கிறது. அடியில் 'எச் 39' என்று அச்சடித்திருக்கிறது. நம் ஊரில் 175 வாட் சோக் கிடையாது. 250 வாட் சோக்கில் போடலாமா என்று யோசித்தேன். மேலே படித்த பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டேன். வேறு வழி உண்டா?

ஓய்வுபெற்ற பொறியாளர்

அமெரிக்கர்கள் இதை நம்மை விட ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். அந்த 'எச்' எண்தான் பல்பையும் சோக்கையும் சேர்க்கும் எண். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் பொருந்தும். எச் 38 என்றால் 100 வாட், எச் 39 என்றால் 175, எச் 37 என்றால் 250, எச் 33 என்றால் 400. வாட்டை நம்பினால் எப்படி மோசம் போகலாம் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. 1000 வாட்டில் எச் 34 என்றும் எச் 36 என்றும் இரண்டு பல்புகள். ஒன்று 135 வோல்ட் அளவில் நிற்கும், மற்றது 265 வோல்ட் அளவில். வாட் ஒன்று, ஹோல்டரில் மாட்டும் கேப்பும் ஒன்று; ஆனால் சோக் மாறினால் எதுவும் சரியாக ஓடாது.

உங்கள் எச் 39க்கு 130 வோல்ட், 1.5 ஆம்பியர் வேண்டும். 1.5 என்ற எண்ணை இதே இழையில் சற்று மேலே பார்த்திருப்பீர்கள். 150 வாட் சோடியம் சோக், இக்னைட்டர் (சோடியம் பல்பைப் பற்றவைக்கும் கருவி) இல்லாமல், இப்படிப்பட்ட மெர்குரி பல்பில் விடும் கரண்ட் அதுதான். திருவல்லிக்கேணி நண்பர் கையில் சும்மா கிடக்கிற சோக் உங்கள் அமெரிக்கப் பல்புக்குப் பொருத்தம்.

இதே கணக்கில் 70 வாட் சோடியம் சோக் 80 வாட் மெர்குரிக்கு நன்றாகவே ஒத்துப்போகும். அமெரிக்க 100 வாட் பல்புக்கு 0.85 ஆம்பியர், அதை நம் 80 வாட் மெர்குரி சோக்கில் எரிக்கலாம். எல்லாம் கரண்ட் கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து சோக்கையே கொண்டு வந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர்கள் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். வெறும் சோக்காக இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் அதன் தடுப்பு ஆறில் ஒரு பங்கு குறையும், கரண்ட் இருபது சதவீதம் கூடும். பெரும்பாலும் அவர்களுடையது வெறும் சோக்காக இருக்காது. கண்டென்சரைப் பல்போடு தொடராக வைத்த டிரான்ஸ்ஃபார்மர் வகை அது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே கணக்குப் போட்டுச் செய்தது. இங்கே அது சரியாக வேலை செய்யாது. அங்கும் 2008 ஜனவரி 1 முதல் பொது விளக்குக்கான மெர்குரி சோக்குகளைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

பழைய விளக்கு சேகரிப்பு

நம்பவே முடியவில்லை சார், அவ்வளவு சந்தோஷம். திருவல்லிக்கேணி அண்ணா, அந்தச் சோக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மாதவரம் செட்

நானும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான், டி-ஷர்ட் வேலை. ஒரு யோசனை சொல்கிறேன். பல்பின் வெளிக் கண்ணாடியைப் பக்குவமாக உடைத்து எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற சின்னக் குழாய் மட்டும் எரியும். யூவி பல மடங்கு வரும், ஸ்கிரீன் சட்டென்று எக்ஸ்போஸ் ஆகிவிடும். எங்கள் பக்கம் நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

கண் மருத்துவ மாணவி

தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நான் எழும்பூரில் படிக்கிறேன். இந்த இழையை வேறு எதற்கோ தேடும்போது பார்த்தேன், எழுதாமல் போக முடியவில்லை.

வெளிக் கண்ணாடி இல்லாத மெர்குரி குழாயிலிருந்து வருவது கிருமி கொல்லும் விளக்கிலிருந்து வருகிற அதே 254 நானோமீட்டர் கதிர். உள்ளே இருப்பது குவார்ட்ஸ் என்பதால் அதைத் தடுக்காது. வெளியே இருக்கிற சாதாரணக் கண்ணாடிதான் அதை நிறுத்தி வைக்கிறது. கருவிழியின் மேல் தோல் இந்தக் கதிரில் வெந்துவிடும். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, வலிக்காது. ஆறு மணி நேரம் கழித்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி வலியோடு எழுந்திருப்பார்கள். தண்ணீர் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு வருவதும் இதுதான். ஒரு தடவை வந்தால் ஓரிரு நாளில் ஆறும் என்பது உண்மை. தினமும் வாங்கிக்கொண்டே இருந்தால் கண்ணும் தோலும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெட்டியைச் சுற்றி நிற்கும் உதவிப் பையன்களையும் யோசியுங்கள்.

தாய்ப்பால் விடுவது, வெங்காயம் வைப்பது எதுவும் வேண்டாம். உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதவரம் செட்

எரிகிற பல்பை நாங்கள் நேராகப் பார்ப்பதில்லை மேடம். மேலே கறுப்புத் துணி மூடி வைப்போம். இத்தனை பேர் செய்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லையே?

ஓய்வுபெற்ற பொறியாளர்

மாதவரம் நண்பரே, உங்கள் மேல் அக்கறையோடு சொல்கிறேன். வெளிக் கண்ணாடி யூவிக்கு மட்டும் காவல் இல்லை. உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடியிருப்பார்கள். குவார்ட்ஸ் குழாயின் இரு முனையிலும் மாலிப்டினத் தகடு ஒன்று சீலுக்குள் போகிறது. அதைக் காற்றில் வைத்துச் சூடாக்கினால் ஆக்சைடாகித் தடிக்கும், சீல் விரியும். அழுத்தத்தில் இருக்கும் குழாய் ஒருநாள் அந்த இடத்தில் வெடிக்கும். வெடித்தால் பாதரச ஆவி அறை முழுக்கப் பரவும். கூடவே காற்றில் ஓசோன் உண்டாகும். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு காரமான வாடை, அது இதுதான்.

அவ்வளவு ஆபத்தை வாங்கிக்கொண்டும் உங்களுக்கு லாபம் கிடையாது. பைக்ரோமேட்டோ டயசோவோ, உங்கள் எமல்ஷன் வாங்கிக்கொள்வது 350 முதல் 420 நானோமீட்டர் வரை. மெர்குரியின் 365, 405 கோடுகள் இரண்டும் அதற்குள்தான் வருகின்றன, வெளிக் கண்ணாடியைத் தாண்டியும் வருகின்றன. கண்ணை எரிக்கும் 254 உங்கள் பெட்டியின் மேல் கண்ணாடியிலேயே நின்றுவிடும். ஸ்கிரீனுக்குப் போகாது, பக்கவாட்டில் கசிந்து ஆட்களுக்குத்தான் போகும். யூவி கூட வேண்டுமென்றால் பவுடர் பூச்சு இல்லாத தெளிவான கண்ணாடிப் பல்பு தேடுங்கள். 125 வாட்டிலேயே கருநீலக் கண்ணாடி போட்ட யூவி பல்பும் உண்டு, அதே சோக்கில் எரியும்.

வெளிக் கண்ணாடி தற்செயலாக உடைந்தாலும் இதே ஆபத்துதான். பழைய பல்பு உடைந்த பிறகும் நிம்மதியாக எரிந்துகொண்டே இருக்கும். மைதானத்தில், உடற்பயிற்சிக் கூடத்தில் பந்து பட்டு உடைந்த பல்பு எரிவதைப் பார்த்தால் முதலில் மெயினை அணையுங்கள்.

மாதவரம் செட்

மேல் கண்ணாடியிலேயே நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது சார். அப்படியானால் உடைப்பதில் அர்த்தமே இல்லை. நாளைக்கே முழுப் பல்பு மாட்டிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்களிடமும் சொல்கிறேன்.

பெரம்பூர் வயர்மேன்

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 160 வாட் மெர்குரி என்று கடையில் ஒன்று வரும், சோக்கே இல்லாமல் எரியும். பார்க்க 125 வாட் பல்பு மாதிரியே இருக்கும். உள்ளே குவார்ட்ஸ் குழாயோடு தொடராக டங்ஸ்டன் ஃபிலமென்ட் இருக்கு, சோக் வேலையை அதுதான் செய்யுது. அதைப் பார்த்துப் பழகினவர்கள் 125 வாட்டையும் சோக் இல்லாமல் மாட்டிவிடுவார்கள். சுவிட்சைப் போட்டதும் டப். இதைத் தடுக்கத்தான் பழைய 80, 125 வாட் பல்புகளில் மூன்று முள் வைத்த பயோனெட் கேப் வந்தது. வீட்டு ஹோல்டரில் நுழையாது. அந்த மூன்று முள் ஹோல்டர் யாரிடமாவது இருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாதா ஹோல்டர் மாட்டாதீங்க.

அப்புறம் 160 வாட் பல்பை சோக் உள்ள பிட்டிங்கில் போட்டால் சரியாக எரியாது, மங்கிப் போகும். ஆபத்தில்லை, பிரயோஜனமும் இல்லை.

கிண்டி எஸ்டேட்

என் சந்தேகத்துக்கும் பதில் சொல்லுங்கள். எங்கள் ஷெட்டில் 250 வாட் மெர்குரி பிட்டிங் நாலு இருக்கிறது. அதில் சோடியம் பல்பு போட்டுப் பார்த்தோம், பற்றவே இல்லை. மெட்டல் ஹாலைடு போடலாமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்

சாதாரண சோடியம் பல்புக்குப் பற்றவைக்க 3000 வோல்ட்டுக்கு மேல் துடிப்பு வேண்டும், அதை இக்னைட்டர் கொடுக்கும். மெர்குரி பல்புக்குள் பிரதான எலக்ட்ரோடுக்குப் பக்கத்திலேயே மெல்லியதாக ஒரு துணை எலக்ட்ரோடு இருக்கும். அதனால் 230 வோல்ட்டே போதும், இக்னைட்டர் கிடையாது. உங்கள் பிட்டிங்கில் இக்னைட்டர் இல்லாததால்தான் சோடியம் பற்றவில்லை. அதற்காக இக்னைட்டரை மட்டும் வாங்கி இணைத்துவிடாதீர்கள், சோக் கரண்ட் பொருந்தாது.

மெர்குரி சோக்கிலேயே இக்னைட்டர் இல்லாமல் எரிய வேண்டும் என்று தனியாகச் செய்த சோடியம் பல்புகள் இருந்தன. 125 வாட் மெர்குரிக்குப் பதில் 110 வாட், 250க்குப் பதில் 220, 400க்குப் பதில் 350 வாட். உள்ளே நியானும் ஆர்கானும் கலந்த வாயு. அப்படி ஒன்று கிடைத்தால் தாராளமாகப் போடலாம்.

மெட்டல் ஹாலைடில் 2.15 ஆம்பியர் வகையும் உண்டு, 3 ஆம்பியர் வகையும் உண்டு. முதல் வகை உங்கள் சோக்கில் உரிய இக்னைட்டரோடு ஓடும். பல்புப் பெட்டியில் ஆம்பியர் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஆனால் வெளிச்சத்துக்கு மட்டும்தான் வேண்டுமென்றால், ஷெட்டுக்கு எல்.இ.டி.க்கு மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மெர்குரி ஒரு வாட்டுக்கு 50 லூமென் கொடுத்தாலே அதிகம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உலக ஒப்பந்தத்தில் பொது வெளிச்சத்துக்கான இந்தப் பல்புகளுக்கு 2020 என்று கெடு வைத்தார்கள். 2018இல் இந்தியாவும் அதில் சேர்ந்துவிட்டது. கையில் இருக்கும் பல்பு தீர்ந்தால் அடுத்தது தேடி அலைய வேண்டும்.

திருவல்லிக்கேணி ஸ்கிரீன்

எல்.இ.டி. பற்றி நானும் யோசித்தேன். வெள்ளை எல்.இ.டி. ஃபிளட் லைட் வைத்துப் பார்த்த நண்பருக்கு எமல்ஷன் சரியாக இறுகவில்லை, கழுவும்போது மெல்லிய எழுத்தெல்லாம் போய்விட்டது. யூவி எல்.இ.டி. பட்டை போட்டால் வருமாம், ஆனால் பெட்டியையே மாற்ற வேண்டும். இந்த முகூர்த்தம் முடியட்டும்.

பழைய சோக்கை வயர்மேன் அண்ணன் சொன்னபடி சீரிஸ் போர்டில் பார்த்தோம், மங்கலாக எரிகிறது. மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்ததில் உடலுக்குக் கசிவு இல்லை. அடுத்து என்ன?

மூலக்கடை வைண்டிங்

பல்பு மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து, ஃபியூஸ் போட்டு, சோக்கின் 240 முனையையும் பொது முனையையும் நேராக மெயினில் கொடுத்து, கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பாருங்க. பல்பு இல்லாமல் சோக் மட்டும். சில நொடிதான், கையெட்டும் தூரத்தில் சுவிட்ச் இருக்கணும். நல்ல சோக் என்றால் ஓடுகிற கரண்ட்டைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கீழே காட்டும். உங்களுக்கு 1.6 பக்கம் வரணும். 2க்கு மேல் போனால் உள்ளே ஷார்ட், என்னிடம் கொண்டு வாங்க.

இணைக்கும்போது ஃபேஸ் சோக் வழியாகப் போகணும், நியூட்ரல் நேராகப் பல்புக்கு. சோக்கின் இரும்பு உடலுக்கு எர்த் கட்டாயம். கண்டென்சர் இருந்தால் அது மெயினுக்குக் குறுக்கே வரும். 125 வாட்டுக்கு 10 மைக்ரோ ஃபாரட். பல்பு எரிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மெயினிலிருந்து இழுக்கிற கரண்ட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். சோக்கோடு பரணில் பழைய தகர டப்பா கண்டென்சர் எதுவும் கிடைத்திருந்தால் அதைப் போடாதீங்க. எண்ணெய் கசிந்திருந்தால் கையாலும் தொடாதீங்க. அந்தக் காலத்து எண்ணெயில் விஷம் உண்டு.

திருவல்லிக்கேணி ஸ்கிரீன்

இன்று மாலை செய்து பார்த்தோம். சோக் மட்டும் 1.58 ஆம்பியர். பிறகு பல்பு மாட்டினோம். சுவிட்ச் போட்டதும் முதலில் முனையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு, உடனே குழாய் முழுக்க மங்கலான இளஞ்சிவப்பு. மீட்டர் 1.5க்கு மேல் காட்டியது, கொஞ்சம் பயந்தேன். வெளிச்சம் மெல்ல வெளுக்க வெளுக்க மீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்து நிமிஷத்தில் 1.1இல் நின்றுவிட்டது. அப்பா காலத்து அதே பச்சை கலந்த வெள்ளை வெளிச்சம். எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரே ஒரு சங்கடம். நடுவில் ஒரு நொடி கரண்ட் போய் வந்தது. அதற்குள் பல்பு அணைந்து, திரும்பப் பிடிக்க ரொம்ப நேரம் ஆனது. சோக்கில் கோளாறா?

ஓய்வுபெற்ற பொறியாளர்

கோளாறு இல்லை. தொடக்கத்தில் பாதரசம் ஆவியாகாமல் இருக்கும்போது பல்பின் வோல்டேஜ் 20தான், அதனால் கரண்ட் அதிகம். நீங்கள் மீட்டரில் பார்த்தது அதுதான். சூடாக இருக்கும்போது அணைந்தால் உள்ளே அழுத்தம் அதிகம், 230 வோல்ட்டால் மறுபடி பற்றவைக்க முடியாது. ஆறி அழுத்தம் இறங்க ஐந்து நிமிஷமாவது ஆகும். சாயங்காலம் வோல்டேஜ் சட்டென்று இறங்கினாலும் இப்படி அணையும்.

ஆகவே ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் பல்பை அணைத்துப் போடாதீர்கள். காலையில் ஒரு முறை போட்டு, ஐந்து நிமிஷம் விட்டு, நாள் முழுக்க எரிய விடுங்கள். பல்புக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவில் தகரத்தில் ஒரு ஷட்டர் செய்து அதைத் திறந்து மூடி நேரத்தை அளந்துகொள்ளுங்கள். எக்ஸ்போசிங் எப்போதும் ஒரே மாதிரி வரும், பல்புக்கும் ஆயுள் கூடும். பல்பு பழசாக ஆக யூவி குறைந்துகொண்டே போகும், எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். மாதம் ஒரு முறை நேர அளவை ஒரு துண்டு ஃபிலிமில் சரிபாருங்கள்.

பல்பு போனதும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். உள்ளே சில பத்து மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. மின்கழிவு விதிகளில் 2016இலேயே மெர்குரி பல்பும் சேர்ந்துவிட்டது. மின்கழிவு வாங்கும் உரிமம் உள்ளவர்களிடம் உடையாமல் கொடுங்கள்.

பழைய விளக்கு சேகரிப்பு

சோக் வாங்கி வந்துவிட்டேன். எச் 39 எரிகிறது, மீட்டரில் 1.5. அண்ணா காசே வாங்கவில்லை, அதனால் என்னிடம் இருந்த பூச்சு இல்லாத 125 வாட் பல்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று முள் கேப் உள்ளது. ஹோல்டரும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.